ஓரம் வரை தைத்த சீட் கவர்

எங்கள் கார் ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் அட்வைசர் மேஜைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு இந்த வேலையில் ஆறு வருட அனுபவம்தான். எழுதத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு காரைப் பற்றி மட்டும் உறுதியாக எழுத முடியும். அதில் நான் செய்த தவறு என் கையெழுத்திலேயே பதிவாகி இருக்கிறது.

1. ஜெட்டியிலிருந்து வந்த போன்

பிரசவ விடுப்பு முடிந்து போர்ட் பிளேர் ஒர்க்‌ஷாப்புக்கு நான் திரும்பிய மூன்றாவது வாரம். காலை பத்து மணிக்கு மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியிலிருந்து போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டுக் கேட்டது.

"தங்கச்சி, ரங்கத் செல்வராஜ் பேசுறேன். காடியில செவப்பு முக்கோணம் வந்திருச்சி. ஹைப்ரிட் சிஸ்டம் செக் பண்ணுன்னு எழுதிக் காட்டுது. இப்ப நான் என்னா செய்ய?"

செல்வராஜ் அண்ணன் நிக்கோபாரின் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து அங்கே குடியேற்றப்பட்டவர்கள். இப்போது போர்ட் பிளேருக்கு வடக்கே ரங்கத்தில் டாக்சி ஓட்டுகிறார். அங்குள்ள ஒரு ஹோட்டலுக்கு மாத ஒப்பந்தத்தில் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார்.

காடி என்றால் இங்கே கார். கேட்க வேண்டியதைக் கேட்டேன். வண்டி நகர்கிறதா, பேட்டரி அளவு எத்தனை கட்டம், உள்ளே எத்தனை பேர்.

"நகருது. ஆனா இஞ்சின் நிக்கவே மாட்டேங்குது. பின்னாடி ஒரு விசிறி ஹெலிகாப்டர் மாதிரி கத்துது. உள்ள நாலு பேரு, ஒரு சின்னப் புள்ள."

ஊர் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ரங்கத்திலிருந்து வரும்போது, அந்தப் படகுத்துறையில் காரைப் படகிலிருந்து இறக்கிய பிறகு ஜிர்காடாங் செக்போஸ்ட் வரை பழங்குடியினர் காப்புக்காடு. குறிப்பிட்ட நேரத்துக்கு எல்லா வண்டிகளும் கான்வாயாக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது. அங்கே ஒரு கார் நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் நிற்கும்.

"ஆட்களை வேற காருக்கு மாத்திடுங்கண்ணா. மூணு மணி நேரம் நிழல்ல போட்டுட்டு, அடுத்த கான்வாய்ல நீங்க மட்டும் ஏசி போடாம வாங்க" என்றேன்.

அது சரியான ஆலோசனைதான். ஆனால் பயத்தில்தான் சொன்னேன். சின்னப் புள்ள என்று அவர் சொன்னதும் வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை.

2. ஸ்கேன் டூல் சொன்னது

மாலையில் கார் வந்து சேர்ந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் ஓடி, கப்பலில் வந்து, அண்ணன் கைக்கு மாறிய ஹைப்ரிட் கார். மீட்டர் இரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரம் கிலோமீட்டர் காட்டியது.

ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார். மோட்டாருக்கான பெரிய பேட்டரி பேக் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். கான்வாய்க்காகக் காத்து நிற்கும்போது இஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும், ஏசி மட்டும் ஓடும். இதற்காகவே நம் ஊர் டாக்சிக்காரர்கள் சிலர் இதை வாங்கினார்கள்.

ஸ்கேன் டூலை மாட்டினோம். ஒரே எரர் கோட். அதன் பெயரே 'ஹைப்ரிட் பேட்டரி பேக்கை மாற்றவும்' என்பதுதான். பெயரிலேயே வைத்தியமும் இருந்ததால் நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை. எங்கள் மேனேஜர் முருகேசன் சாரும் திரையை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டே முக்கால் லட்சம் ஓடியிருக்கு. வேற என்ன எதிர்பாக்குற? புது பேக் எழுது, பாத் கதம். விஷயம் முடிஞ்சது."

எழுதினேன். அந்த பேக்கை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். ஐந்தாறு வாரம் ஆகலாம் என்பதையும் எஸ்டிமேட்டின் கீழே எழுதினேன். வாடிக்கையாளர் சொன்ன குறைகளுக்கான கட்டத்தில் 'பின்பக்கம் விசிறிச் சத்தம்' என்றும் எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர அதைப் படிக்கவில்லை.

செல்வராஜ் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தாளைப் பார்த்தார். திருப்பி, எழுதாத பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இந்தக் காசுக்கு ஒரு பழைய டீசல் காடி வாங்கிரலாமே தங்கச்சி."

"ஆமாண்ணா."

"காசாவது பொரட்டலாம். ஆறு வாரத்துக்கு எங்க போறது? காடி இல்லேன்னா ஹோட்டல்காரன் என்னைய சட்னி அரைக்கவா வச்சிக்குவான்? அடுத்த வாரமே வேற ஆளப் போட்டுருவான்."

முடிவை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அண்ணன் டவுனில் இருந்த மச்சான் வீட்டுக்குப் போனார்.

3. ஃபேனா, கம்பளியா

அன்று இரவு மகளுக்குச் சோறு மசித்துக்கொண்டிருந்தபோது 'ஹெலிகாப்டர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அந்த பேக்கைக் குளிரவைக்க ஒரு சின்ன விசிறி உண்டு. பேக் சூடானால் அது வேகமாகச் சுற்றும். ஆக பேக் சூடாகியிருக்கிறது. சரி, கெட்டுப்போன பேக் சூடாகத்தானே செய்யும்? அல்லது சூடானதால் கெட்டதா? எது முதலில் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. எனக்கு எல்லாவற்றிலும் அப்படித் தோன்றும் என்பதால் அதையும் நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை பிமலிடம் போனேன். பிமல் திக்லிபூர் பக்கத்து வங்காளிக் குடும்பம். ஹை வோல்டேஜ் வேலைக்குப் பயிற்சி எடுத்த ஒரே டெக்னீஷியன். ஒர்க்‌ஷாப்பிலேயே கற்றுக்கொண்ட தமிழில், இந்தி கலந்து பேசுவார்; என்னை தீதி, அதாவது அக்கா என்பார்.

"தீதி, அப்ரூவல் இல்லாம சீட் கழட்டினா சார் சில்லாயேகா."

"கத்தட்டும். என் பேர்ல எழுதிக்குங்க."

பிமல் முதலில் வெப்பநிலையைப் பார்த்தார். முந்தின நாள் சேமித்த பதிவில், வெளிக்காற்று முப்பத்தொன்று, பேட்டரி ஐம்பத்தாறு. பிறகு ரப்பர் கையுறை மாட்டி, ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தார். யாரும் தெரியாமல் திரும்ப மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அது எப்போதும் அவர் பாக்கெட்டில்தான் இருக்கும்.

பின் சீட்டுக்கு ரெக்ஸின் கவர் போட்டிருந்தது. கதவிலிருந்து கதவு வரை, இடைவெளி இல்லாமல், நல்ல தையல். பீச்சில் குளித்துவிட்டு ஈரத்தோடும் மணலோடும் ஏறுகிறவர்களால் சீட் நாசமாகும் என்று இங்கே ஓடும் டாக்சிகள் எல்லாவற்றிலும் இப்படித்தான் போடுவார்கள்.

பிமல் ஓரத்துத் தையலைப் பிரித்தார். அடியில், சீட்டின் பக்கவாட்டில், உள்ளங்கை அளவு ஜன்னல் போல ஒரு பிளாஸ்டிக் துவாரம். விசிறி அதன் வழியாகத்தான் காருக்குள்ளிருக்கும் குளிர்ந்த காற்றை பேக்குக்கு இழுக்கும். கவர் அதை ஏறக்குறைய முழுவதுமாக மூடியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் விரல் நுழையும் இடைவெளி. விசிறி தன் பலத்தை எல்லாம் காட்டி அந்த இடைவெளி வழியாக மணலையும் முடியையும் துண்டின் நூலையும் உறிஞ்சியிருந்தது.

பிமல் விசிறியைக் கழற்றி வெளியே எடுத்தார்.

"தீதி, யே ஃபேன் ஹை யா கம்பல்? இது ஃபேனா, கம்பளியா, சொல்லுங்க."

கம்பளி மாதிரிதான் இருந்தது. பேக்கைத் திறந்ததில் உள்ளே முப்பத்துநாலு மாட்யூல், அதாவது சிறு பேட்டரிகள். நடுவில், காற்று குறைவாகப் போகும் இடத்தில் நான்கு மட்டும் பலவீனம். மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் உப்புக் காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது. மற்ற முப்பதும் வயதுக்கு ஏற்ற நிலையில் இருந்தன.

"பூரா பேக் மாத்த வேணாம் தீதி. ஆனா இந்த டெய்லர் யாரு? மெடல் குடுக்கணும்."

நான் ஃபைலைத் தேடப் போனேன்.

4. என் கையெழுத்து

பத்து மாதத்துக்கு முந்தைய ஜாப் கார்டு. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் போட்ட கவர்தான். விற்றது நான். டெய்லருக்கான குறிப்பில் என் கையெழுத்தில் இருந்தது: 'ரெக்ஸின். ஓரம் வரை. இடைவெளி கூடாது.' இடைவெளி கூடாது என்பதன் கீழே இரண்டு கோடு.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். வேலையில் ஒரு குறையும் வரக் கூடாது என்று எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்த காலம். மற்ற டாக்சிகளுக்கு எழுதும் அதே குறிப்பை இதற்கும் கவனமாக எழுதியிருந்தேன். மற்ற டாக்சிகளுக்குப் பின் சீட்டில் துவாரம் கிடையாது.

எனக்குச் சாதகமாகவும் யோசித்தேன். இத்தனை கிலோமீட்டர் ஓடிய பேக் எப்படியும் போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கலாம். பத்து மாதத்தில் எந்த நாள் வரை அது மைலேஜின் குற்றம், எந்த நாளிலிருந்து என் குற்றம் என்று எந்த ஸ்கேன் டூலும் சொல்லாது.

முருகேசன் சாரிடம் கார்டைக் காட்டினேன்.

"சரி. ஃபைல்ல வை."

"அண்ணன்கிட்ட சொல்லணும் சார்."

"இது என்ன சர்ச்சா, வந்து பாவமன்னிப்பு கேக்க? பழைய காடி, பேக் போற வயசு. கவராலதான் போச்சுன்னு நீ எப்படிச் சொல்லுவ?"

"சொல்ல முடியாது சார். கவரால போகலைன்னும் சொல்ல முடியாது."

"சொன்னா அவர் புது பேக் ஃப்ரீயா கேப்பாரு. யார் குடுப்பா? நீ குடுப்பியா? லீவ் முடிஞ்சு வந்து மூணு வாரம் ஆகல, அதுக்குள்ள கடைய மூட வழி பாக்குற."

அந்தக் கடைசி வரி எனக்கு வலித்தது. அது வேலைக்கான எச்சரிக்கையா, வெறும் கோபமா என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் யார்டில் மரம் விழுந்து நசுங்கிய இன்னொரு ஹைப்ரிட் கார் கிடந்தது. பின்பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பேக்கிலிருந்து நான்கு நல்ல மாட்யூல் எடுக்கலாம் என்று பிமல் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். சார் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"மாட்யூலுக்கு பில் போடு. லேபர் வேண்டாம். அவர் சண்டைக்கு வந்தா நீதான் நிக்கணும். மைன் நஹி ஆவூங்கா, நான் வர மாட்டேன்."

5. செல்வராஜ் அண்ணன் கேட்ட கேள்வி

அண்ணனை கார் பக்கத்தில் நிறுத்தி விசிறியைக் காட்டினேன். துவாரத்தைக் காட்டினேன். பிறகு ஜாப் கார்டைக் காட்டினேன்.

கழற்றிப் போட்டிருந்த கவரை அவர் எடுத்துத் தூசி தட்டினார், பழக்கத்தில்.

"டெய்லி சோப்புத் தண்ணி போட்டுத் தொடைப்பேன் தங்கச்சி. தொடைச்சுத் தொடைச்சு மூச்ச அடைச்சிருக்கேன்."

"நீங்க இல்லண்ணா. நான்தான் அப்படித் தைக்கச் சொன்னேன்."

"அதான் எழுதியிருக்கே. ரெண்டு கோடு வேற." அவர் குரல் மாறியது. "நான் படிக்காதவன், எனக்கு ஓட்டைனா ஓட்டை. நீங்க டிப்ளமோ. ஒங்களுக்குமா தெரியல?"

"அன்னைக்குத் தெரியலண்ணா."

அங்கே நிற்கத்தான் வேண்டியிருந்தது. நின்றேன். பிறகு இரண்டு வழிகளையும் சொன்னேன். புது பேக் போட்டால் பல வருடத்துக்குக் கவலை இல்லை, ஆனால் விலையும் காத்திருப்பும். நான்கு மாட்யூல் மாற்றி, தகடுகளைச் சுத்தம் செய்து, புது விசிறி போட்டால் செலவு மிகக் குறைவு. ஆனால் மற்ற முப்பதும் பழையவை. அவற்றில் ஒன்று எப்போது போகும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

"அந்த ரெண்டாவது வழியில கான்வாய் போகலாமா?"

"போகலாம்னு நினைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி வூட்டுக்காரரு ரங்கத்துலதானே வேல?"

"ஆமாண்ணா. மின்துறையில."

"பாப்பா இன்னும் அந்தப் பக்கம் வரல இல்ல?"

"வரல. அவர்தான் இங்க வருவார்."

"சரி. இந்தக் காடியில ஒங்க புள்ளைய வச்சிக்கிட்டு காட்டைத் தாண்டுவீங்களா? சொல்லுங்க. அத வச்சி நான் முடிவு பண்ணிக்கிறேன்."

பிமல் வேலை செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"இன்னைக்கு மாட்டேன்" என்றேன்.

"அப்ப நான் மட்டும் ஊரான் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போகணுமா?"

"நீங்களும் ஏத்தாதீங்க. மூணு வாரம் டவுனுக்குள்ளயே ஓட்டுங்க. ரெண்டு நாளைக்கு ஒருதடவ கொண்டுவாங்க, பிமல் அளந்து பாக்கட்டும். நம்பர் எல்லாம் மாறாம நின்னுச்சுன்னா ரங்கத்துக்கு மொத சவாரி நானும் என் புள்ளையும்."

"நம்பர் நிக்கலேன்னா?"

"புது பேக்தான். அதையும் நானே சொல்லுவேன்."

அண்ணன் பிமலிடம் திரும்பினார். "என்னா பாய், ஒன் தீதி வாக்குத் தவற மாட்டாளே?"

"தீதிக்கு பயம் ஜாஸ்தி" என்றார் பிமல். "பொய் கம்மி."

6. மூன்று வாரம்

அண்ணன் இரண்டாவது வழிக்குச் சம்மதிக்க, பிமல் நான்கு மாட்யூலையும் விசிறியையும் மாற்றினார். மூன்று வாரத்துக்கு மேல் முடியாது என்ற மச்சானைச் சம்மதிக்க வைத்து, ஹோட்டல் சவாரிகளை அண்ணன் அவர் காருக்கு மாற்றிவிட்டார். தன் காரை ஏர்போர்ட்டுக்கும் ஜெட்டிக்கும் ஓட்டினார். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து சாவியை என் மேஜையில் வைத்து, "ஒங்க புள்ள காடி வந்திருச்சி" என்பார். ஒர்க்‌ஷாப் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த வாரங்களில் ஒரு பழைய ஹைப்ரிட்டை முழுதாகப் படித்தேன். இளையவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இஞ்சின் நன்றாக இருந்தது. பாதி நேரம் ஓய்வில் இருக்கும் இஞ்சின் சீக்கிரம் தேயாது. பிரேக் பேட் பாதிக்கு மேல் மிச்சம், ஏனென்றால் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு மோட்டாருடையது. ஆனால் அந்தச் சலுகையிலேயே ஒரு தொல்லை இருக்கிறது. பிரேக்கை அதிகம் உபயோகிக்காததால் நம் ஈரக்காற்றில் பிரேக் பேடைத் தாங்கும் காலிபரின் பின் துருப்பிடித்து இறுகிவிடும். வருடம் ஒருமுறை கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும். இன்வெர்ட்டரைக் குளிரவைக்கும் கூலண்ட் பம்ப் சத்தமில்லாமல் சாகும். கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்று யாராவது வந்தால், பெரிய பேட்டரியைப் பார்க்கும் முன் சின்னப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

ஒன்பதாம் நாள் ஒரு ஜோடி மாட்யூலின் வோல்டேஜ் மற்றவற்றைவிட இறங்கியது. நான் புது பேக் எஸ்டிமேட்டை மறுபடி அச்சடித்தே விட்டேன். பிமல் தகடுகளைச் சோதித்து ஒரு நட் சரியாக முறுக்கப்படவில்லை என்று கண்டுபிடித்தார். அவருடைய வேலைதான். வந்து என்னிடம் சொன்னார். "தீதி, என் பேர்ல எழுதிக்குங்க" என்றார். எழுதினேன். அதன்பிறகு எண்கள் நகரவில்லை. ஏற்றமான சாலையில், ஏசி முழுதாக ஓட, நான்கு பேரை ஏற்றிப் பார்த்தபோதும் பேட்டரி நாற்பது டிகிரியைத் தாண்டவில்லை.

முருகேசன் சார் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் ஸ்கேன் டூல் திரையை எட்டிப் பார்த்தார். மூன்றாவது வாரக் கடைசியில் என் லீவ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போய்ட்டு போன் பண்ணு" என்றார்.

7. முதல் சவாரி

விடிந்த கொஞ்ச நேரத்தில் ஜிர்காடாங்கில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பஸ், ஏழெட்டு கார். புழுக்கம். சுற்றி நின்ற டீசல் கார்கள் ஏசிக்காக உறுமிக்கொண்டிருந்தன. எங்கள் காரில் இஞ்சின் சத்தமே இல்லை. பின் சீட்டில் மகள் என் மடியில் தூங்கினாள். செல்வராஜ் அண்ணன் புதிய சீட் கவரைத் துணியில், ஓரத்தில் ஜன்னல் வெட்டித் தைத்திருந்தார். அதற்கு மேலே தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதி ஒட்டியிருந்தார்: இங்கு எதையும் வைக்காதீர்கள்.

செக்போஸ்ட்டில் தாளைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட் திறந்தது. நான் காதைப் பின்பக்கம் வைத்திருந்தேன். விசிறி கேட்கிறதா, வேகம் கூடுகிறதா என்று. கூடவில்லை. பிறகு கூடியது. கூடியது போலத்தான் தோன்றுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. இனி நிறுத்த முடியாது.

"தங்கச்சி" என்றார் அண்ணன், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"என்னண்ணா? முக்கோணமா?"

"முக்கோணம் ஒண்ணும் இல்ல. பாப்பா பை."

திரும்பிப் பார்த்தேன். டயபர், பால் புட்டி, மாற்றுத் துணி எல்லாம் அடைத்த பெரிய பை. சாய்ந்து விழாமல் இருக்க, கதவோரமாக, அந்தத் துவாரத்தின் மேலேயே அழுத்தி வைத்திருந்தேன். மூன்று மொழி எழுத்தும் பைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

பையை எடுத்து என் காலடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் விசிறிச் சத்தம் தணிந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஜெட்டி வந்து, இஞ்சின் அணைந்து, நாங்கள் கீழே இறங்கிய பிறகுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பக்கத்துக் காரிலிருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அந்தக் கார் இப்போது மூன்று லட்சத்தைத் தாண்டி ஓடுகிறது. இடையில் இன்னும் இரண்டு மாட்யூல் மாற்றினோம். பேக் ஒருநாள் முழுதாகப் போகும். அதை அண்ணனிடம் ஒவ்வொரு சர்வீஸிலும் சொல்கிறேன். அவரும் புது பேக்குக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறார். எங்கள் ஜாப் கார்டில் ஹைப்ரிட்களுக்கு ஒரு வரி கூடியிருக்கிறது: 'பின் சீட் துவாரம் பார்க்கப்பட்டது.' அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். பின் கதவைத் திறந்து, அந்தத் துவாரத்தின் முன்னால் உள்ளங்கையை நீட்டுங்கள். காற்று உள்ளே போவது கையில் தெரிய வேண்டும். எனக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் நாளிலும் நீட்டுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது. நான்தான் பையை வைத்தேன்.